பழைய ஆர்கேட் பெட்டி: அசலைத் திருத்துவதா, போர்டை மாற்றுவதா, உள்ளே ரஸ்பெரி பை வைப்பதா?

காசு போட்டு நின்றபடி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், உள்ளே இருப்பதைத் திருத்துவதா, கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பதா என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். இதற்குக் கிடைக்கும் வழிகாட்டல்களில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளுக்காக எழுதப்பட்டவை. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கணக்கு வேறு. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். மாதக்கணக்கில் ஈரம். பருவம் மாறும் மாதங்களில் மத்தியானம் திரும்பினால் இடி மின்னல். உதிரிப் பாகத்துக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு: பிக்சர் டியூப் டீவி திருத்திப் பழகியவர்கள் மலையக டவுன்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பெட்டி முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்கப் போவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேம் போர்டு (கேமை ஓட்டும் மின்சுற்றுப் பலகை), திரை, மரக்கூடு ஆகிய மூன்றும் தனித்தனிச் சாமான்கள். இவற்றை இணைப்பவை பவர் சப்ளையும் வயர்க்கட்டும். அசல் போர்டை வைத்துக்கொண்டு திரையை மட்டும் மாற்றலாம். நல்ல டியூபை வைத்துக்கொண்டு போர்டை மாற்றலாம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பவர் சப்ளையைத் தயங்காமல் மாற்றுங்கள். டியூபில் உயிர் இருந்தால் அதைக் காப்பாற்றப் பாருங்கள். போர்டு விஷயத்தில் சோதித்த பிறகே பேசுங்கள். எந்த வழியில் போனாலும் வயர்க்கட்டை வெட்டாதீர்கள். வெட்டாத பெட்டியை எப்போதும் பழையபடி ஆக்கலாம். வெட்டியதில் எந்த வயர் எதற்கு என்று தேடியே ஆள் களைத்துப்போவார்.

சுவிட்ச் போடுவதற்கு முன்

பின்பலகையைக் கழற்றுங்கள். எலி கடித்த வயர், கரப்பான் எச்சம், தலை வீங்கிய கப்பாசிட்டர், பழுப்பேறிய கனெக்டர், தரைப்பலகையில் நீர் நின்ற கோடு ஆகியவற்றைத் தேடுங்கள். நீர்க்கோடு முக்கியம். பவர் சப்ளையைப் பெரும்பாலும் தரைப்பலகையில்தான் திருகியிருப்பார்கள், ஆகையால் அது நனைந்ததா என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். நுவரெலியா போன்ற குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் போர்டிலும் டியூப் கண்ணாடியிலும் ஈரம் வேர்க்கும். பின்பலகையைத் திறந்து வைத்து ஒரு நாள் காயவிட்டே கரண்ட் கொடுங்கள்.

அதே சமயத்தில் பெட்டியின் பின்தகட்டையும் படித்துவிடுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் ஜப்பானுக்குச் செய்தது. 115, 117, 120 என்றிருந்தால் அமெரிக்காவுக்கு.

பவர் சப்ளை

கடைகளில் கிடைக்கும் 230க்கு 110 ஸ்டெப் டவுன்களில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபோமர் வகை. அவற்றில் இரண்டு சிக்கல்கள். ஜப்பான் பெட்டிக்கு 100க்குப் பதில் 110 வோல்ட் போகும். பத்து வீதம் கூடுதல், அதற்கேற்ற சூடு. இதைவிட மோசமானது அடுத்தது. ஆட்டோ டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர மெயின்ஸிலிருந்து, அதாவது சுவர் மின்சாரத்திலிருந்து, பிரிக்காது. பழைய மானிட்டர்களில் பலவற்றின் சேஸி (டியூபை ஓட்டும் மின்சுற்று) நேரடியாக மெயின்ஸோடு தொடுப்பில் இருக்கும். அவற்றுக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவே அப்படிப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால், வீடியோ வயர் வழியாகப் போர்டின் கிரவுண்டும் மானிட்டரின் கிரவுண்டும் சேரும் நொடியில் ஃபியூஸ் போகும். சில வேளை மானிட்டரின் டயோடுகளும் போர்டும் கூடவே போகும். பெட்டிக்குள்ளேயே அசல் டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பெட்டிகளில் அந்த வேலையை அதுதான் செய்தது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய அமெரிக்க டிரான்ஸ்ஃபோமர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டும் இருப்பதால் அந்த நாட்டுச் சாமான்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும்.

போர்டுக்கான 5 வோல்ட் சப்ளை பழைய லீனியர் வகை என்றால், அதன் பெரிய கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திருத்துவதைவிட ஆர்கேட் பெட்டிகளுக்கென்றே வரும் சுவிட்சிங் சப்ளை மலிவு, பாதுகாப்பு. 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் அதிலேயே கிடைக்கும். வாங்கியதும் அதன் பக்கவாட்டில் 110, 220 என்று தள்ளும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அது 110இல் இருக்கும்போது 230 கொடுத்தால் உள்ளே கப்பாசிட்டர் வெடிக்கும்.

போர்டை மாட்டாமல், 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் லைனில் சுமையாகக் கொடுத்து அளவிடுங்கள். அது சரியென்றால் போர்டை மாட்டி, போர்டின் விளிம்பிலேயே மீண்டும் அளவிடுங்கள். சப்ளையில் 5.0 காட்டினாலும், நீண்ட மெல்லிய வயரைக் கடந்து போர்டுக்கு வரும்போது 4.7 ஆகிவிடலாம். 4.9க்கும் 5.1க்கும் இடையே வரும்படி சப்ளையிலுள்ள திருகை மெதுவாகத் திருப்புங்கள். 5.25ஐத் தாண்டக் கூடாது, 4.75க்குக் கீழே போனால் நல்ல போர்டும் கெட்டதுபோல நடிக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1980இல் வந்த பாக்மேனின் போர்டு டிரான்ஸ்ஃபோமரிலிருந்து நேரே ஏசி மின்சாரத்தை வாங்கி, தன்மேலேயே அதை 5 வோல்ட்டாக்கிக்கொள்ளும். அதன் டிரான்ஸ்ஃபோமரைக் கழற்றிவிட்டு சுவிட்சிங் சப்ளையை நேரே கொடுக்க முடியாது. அதற்கென்று அடாப்டர் வேண்டும்.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய லயக் காம்பராக்களின் வயரிங்கில் எர்த் இல்லாமலிருப்பது அரிதல்ல. காசுக் கதவு, கன்ட்ரோல் பேனல், மானிட்டர் ஃப்ரேம் எல்லாம் இரும்பு. பிள்ளைகள் கை வைக்கும் இடம். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லாத இடத்தில் எந்த வழியைத் தேர்ந்தாலும் பெட்டியை ஓட்டக் கூடாது.

போர்டு: மூன்று வழிகள்

1985க்குப் பின் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஜாமா முறையில் வயர் செய்யப்பட்டவை. பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக் எல்லாம் அடங்கும். ஏழாவது முனையில் தடுப்புக் கட்டை இருக்கும், தலைகீழாகச் செருகிவிடாமல் இருப்பதற்கு. பழைய பெட்டிகளில் அது உதிர்ந்துபோயிருக்கும். அப்போது எது மேல்பக்கம் என்று பெயின்டால் குறித்துவிடுங்கள். ஜாமா பெட்டியில் போர்டை மாற்றுவது நிமிட வேலை. அதற்கு முந்திய பெட்டியென்றால் அந்தப் போர்டுக்கான அடாப்டர் தேவை.

முதல் வழி, அசல் போர்டைத் திருத்துவது. இதில் முதல் ஒரு மணி நேர வேலைக்குச் செலவே இல்லை. விளிம்பு முனைகளை வெள்ளை அழிறப்பரால் தேய்த்து, ஐசோப்ரோபைல் அல்கஹோலால் துடையுங்கள். மண்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். சொக்கெட்டில் இருக்கும் ஐசிகளை (சிப்களை) ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். ஈரமான இடத்தில் கிடந்த போர்டுகளில் கால்கள் கறுத்துத் தொடுப்பு விடுவது சாதாரணம். இதோடு உயிர் வந்த போர்டுகள் ஏராளம்.

அடுத்து பேட்டரி. நியோ ஜியோ எம்விஎஸ் போன்ற போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் பச்சையும் நீலமுமாகப் பூத்து, தடங்களைத் தின்றுகொண்டே போகும். ஓடுகிற போர்டாக இருந்தாலும் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவு காரத்தன்மை கொண்டது என்பதால் வினாகிரி தொட்ட பிரஷால் துடைத்து, தண்ணீரால் கழுவி, அல்கஹோலால் முடிக்க வேண்டும். அந்த இடத்தில் சிஆர் 2032 வைப்பதென்றால் நடுவே டயோட் ஒன்று கட்டாயம். இல்லையென்றால் பழைய சார்ஜிங் சுற்று லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளும். கப்கொம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ் 2 போர்டுகளில் கதை வேறு: பேட்டரி தீர்ந்தால், கேமின் ப்ரோகிராமைத் திறக்கும் இரகசிய எண்ணான பூட்டுச்சாவி அழிந்து கேமே ஓடாது. முன்பு அதோடு முடிந்தது. இப்போது அந்தச் சாவியைத் திரும்ப எழுத வழி உண்டு. எனவே செத்த சிபிஎஸ் 2 போர்டைக் கழிவென்று விற்றுவிடாதீர்கள்.

இதற்கும் மேல் போக வேண்டுமென்றால் அறிகுறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். திரை சீராக மின்னி மின்னி மறைந்தால் போர்டு தன்னைத்தானே திரும்பத் திரும்பத் தொடக்கிக்கொண்டிருக்கிறது. ப்ரோகிராம் ரோம், ராம், சிபியு ஆகியவற்றில் ஒன்று. கேம் ஓடுகிறது, ஆட்களின் உருவத்தில் மட்டும் கோடுகள் என்றால் கிராஃபிக்ஸ் பக்கம். படம் சரி, ஒலி இல்லை என்றால் முதலில் 12 வோல்ட்டைப் பாருங்கள், ஆம்ப்ளிஃபையர் அதில்தான் ஓடும். 80களின் போர்டுகளில் ஃபுஜிட்சு முத்திரை கொண்ட 74எல்எஸ் வகை ஐசிகள் அடிக்கடி சாவதைத் திருத்துபவர்கள் எல்லோரும் அறிவர். லொஜிக் ப்ரோபை அங்கிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம். கேமின் ப்ரோகிராமையும் படங்களையும் வைத்திருக்கும், கண்ணாடி ஜன்னல் உள்ள ஈப்ராம் சிப்களை டிஎல் 866 போன்ற மலிவான கருவியில் படித்து, பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரின் பட்டியலிலுள்ள செக்சம்மோடு (சரிபார்ப்பு எண்ணோடு) ஒப்பிட்டால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். 2716 வகை ஈப்ராமைத் திரும்ப எழுத 25 வோல்ட் வேண்டும். அந்தக் கருவி அவ்வளவு தராது. படிக்கலாம், எழுத முடியாது.

கெட்ட ஐசியைக் கழற்றும்போது அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கால்களை உடலோடு வெட்டி, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுத்து, துளையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, சொக்கெட் வையுங்கள். முழு ஐசியையும் இழுத்துத் தடங்களைப் பெயர்த்த போர்டுகளே திருத்தவந்தவற்றில் அதிக வேலை வாங்குபவை.

இரண்டாவது வழி, அறுபது கேம்கள் அடங்கிய ஜாமா போர்டு. செருகியதும் ஓடும். மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். பழைய ஆர்கேட் மானிட்டரின் 15 கிலோஹெர்ட்ஸ் டியூபுக்கும் கணினியின் விஜிஏ திரைக்கும் படம் தரும். ஒலியில் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். அதிலுள்ள கேம்கள் பெரும்பாலும் நிமிர்த்தி வைத்த திரைக்கானவை. 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரி படுக்கைத் திரை உள்ள பெட்டியில் இதைப் போட்டால் கழுத்தைச் சாய்த்துத்தான் ஆட வேண்டும். இவை உரிமம் பெறாத பிரதிகளும்கூட. கடையில் வைத்துக் காசு வாங்கும் எண்ணமிருந்தால் இந்த வழி வேண்டாம்.

மூன்றாவது, ரஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி. எந்தத் திரைக்கும் வளைந்துகொடுக்கும், ஆறு பட்டனும் வைக்கலாம். ஜாமா வயர்க்கட்டோடு சேர்க்க இடையில் அடாப்டர் போர்டு வேண்டும். பழைய டியூபுக்கு 15 கிலோஹெர்ட்ஸில் படம் அனுப்புவதும் அதன் வேலை. இங்கே இதன் பலவீனம் கரண்ட் வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எஸ்டி கார்டு கெடும். எல்லாவற்றையும் அமைத்து முடித்ததும் கார்டை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றி, இன்னொரு கார்டில் முழுப் பிரதி ஒன்றும் எடுத்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பேட்டரிக் கசிவு அரித்து, பல ஐசிகளின் கீழே தடங்களைத் தின்றிருந்தால் முதல் வழியைக் கைவிடுங்கள். குப்பைப் படமாவது வருகிறது என்றால் அந்தப் போர்டு திருத்துகிற நிலையில்தான் இருக்கிறது.

திரை: இங்கேதான் யோசிக்க வேண்டும்

மலைநாட்டில் மூன்று வழிகள் கைக்கெட்டும்: அசல் மானிட்டரைத் திருத்துவது, பழைய கலர் டீவி ஒன்றை உள்ளே வைப்பது, எல்சிடி வைப்பது.

டியூபைத் தொடுவதற்கு முன் உயர் அழுத்தத்தை இறக்க வேண்டும். கலர் டியூபின் அனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். நீண்ட, பிடி நன்றாக மூடிய தட்டை ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் க்ளிப் வயரைக் கட்டி, அதன் மறுமுனையை டியூபின் பின்புறம் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். போர்டின் கிரவுண்டில் மாட்டக் கூடாது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை ரப்பர் கிண்ணத்தின் கீழே நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். 'டக்' என்று கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். சில நிமிடம் விட்டு மறுபடியும் செய்யுங்கள், ஏனென்றால் சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறும். மெயின் ஃபில்டர் கப்பாசிட்டரையும் சில கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள். 230 வோல்ட்டை நேரே நேர்மின்னாக்கினால் அங்கே 325 வோல்ட் நிற்கும். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். இதைப் படித்து வயிறு கலங்கினால், டீவி திருத்துபவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை.

பெரும்பாலான பழுதுகள் கப்பாசிட்டரிலும் ஈயப் பற்றிலும் முடியும். படத்துக்குப் பதில் நடுவே ஒற்றைக் கிடைக்கோடு மட்டும் தெரிந்தால் வெர்ட்டிகல் பகுதி போய்விட்டது. உடனே பிரகாசத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அந்தக் கோடு பாஸ்பரில் நிரந்தரமாக எரிந்துவிடும். படம் நெளிந்தால் ஃபில்டர் கப்பாசிட்டர். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் கழுத்துப் போர்டில் வெடித்த ஈயப் பற்று, அல்லது அந்த நிறத்துக்கான வயர். கழுத்தில் மஞ்சள் ஒளி தெரிகிறது, மெல்லிய கீச்சொலியும் கேட்கிறது, படம் மட்டும் இருட்டு என்றால், டியூபுக்கு உயர் அழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபோமரான ஃப்ளைபேக்கிலுள்ள ஸ்க்ரீன் திருகை மயிரிழை திருப்பிப் பாருங்கள். கழுத்துப் போர்டைக் கழற்றும்போது நேர் பின்னால் இழுங்கள். அசைத்தால் கழுத்து உடைந்து டியூபின் கதை அதோடு சரி. மழைக்காலத்தில் அனோடு கிண்ணத்தில் 'சர்ர்' என்று பொறி பறந்தால், சார்ஜை இறக்கி, அல்கஹோலால் துடைத்துக் காயவைத்து, சிலிக்கன் கிரீஸ் மெல்லத் தடவுங்கள். கப்பாசிட்டர் மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது கூட, 105 பாகை செல்சியஸ் வகை. முனை மாறக் கூடாது.

ஃப்ளைபேக் வெடித்திருந்தால் கணக்கு மாறுகிறது. அந்தச் சேஸிக்கென்றே வந்த ஃப்ளைபேக் தேடுவது பெரிய வேலை. அப்போது 21 அங்குல கலர் டீவியைப் பாருங்கள். அது 230 வோல்ட்டுக்கே செய்தது, கிடைப்பது எளிது, வளைந்த கண்ணாடியும் அப்படியே. ரஸ்பெரி பையின் கம்பசிட் வெளியீட்டை ஏவி துளையில் செருகினாலே படம் வரும், கொஞ்சம் மங்கலாக. அசல் போர்டின் சிவப்பு, பச்சை, நீல வயர்களை டீவியின் உள்ளே கொண்டுபோவதும் முடியும். ஆனால் அந்த டீவியின் சேஸி மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டதா என்பதைத் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகே அதைச் செய்ய வேண்டும்.

எல்சிடி என்றால் அகலத் திரை வேண்டாம். 20.1 அங்குலம், 1600க்கு 1200 என்ற பழைய வகைதான் சரியான 4:3; 19 அங்குலம் 1280க்கு 1024 கொஞ்சம் சதுரம், சமாளிக்கலாம். நிமிர்த்தி வைப்பதென்றால் ஐபிஎஸ் வகைத் திரையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான டிஎன் வகையில் பக்கத்தில் நிற்பவருக்கு நிறமே மாறும். அசல் போர்டிலிருந்து படம் எடுக்க ஜிபிஎஸ் 8200 போன்ற மாற்றி வேண்டும். ஆர்கேட் போர்டு அனுப்பும் வீடியோ அளவு விஜிஏயின் 0.7 வோல்ட்டைவிட மிக அதிகம் என்பதால் மாற்றியிலுள்ள திருகுகளைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள். பட்டன் அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே சிறு தாமதம் வரும். வேகமான சண்டை கேம் ஆடுபவர் கண்டுபிடித்துவிடுவார். துப்பாக்கி கேம் பெட்டி என்றால் எல்சிடியை மறந்துவிடுங்கள். பழைய ஒளித்துப்பாக்கிக்கு டியூப் இருந்தால்தான் வேலை.

எல்சிடிக்கு இங்கே உண்மையான நியாயம் ஒன்று இருக்கிறது: எடை. டியூபோடு நிற்கும் பெட்டி நூறு கிலோவைத் தாண்டும். ரோட்டிலிருந்து நாற்பது ஐம்பது படி ஏறிப் போகும் வீட்டுக்கு அதை ஏற்றுவதும், மழையில் படி வழுக்குவதும் சும்மா விஷயமல்ல. ஏற்றுவதென்றால் மானிட்டரைத் தனியாகக் கழற்றி, கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்து இரண்டு பேராகத் தூக்குங்கள். கழுத்தில் எதுவும் படக் கூடாது.

மரக்கூடு

துகள்பலகையில் செய்த கூடு என்றால் அடிப்பாகம் வீங்கியிருக்கும். சின்ன வீக்கத்தில் வெள்ளைப் பசையைச் சிரிஞ்சால் ஏற்றி, பலகைகளுக்கிடையே கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். கையால் நசுக்கினால் உதிர்கிறதென்றால் அந்தப் பகுதியை நேராக வெட்டி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டவையுங்கள். முழுக் கூட்டையும் புதிதாகச் செய்வதென்றாலும் எம்டிஎஃப் வேண்டாம், பிளைவுட்டே இங்கே நிற்கும். பழைய பக்கப் பலகையை அளவுக்கு வைத்து வரைந்த பிறகே அதைக் கழியுங்கள்.

வேலைக்கான மாதமும் ஊருக்கு ஊர் மாறும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. நல்ல கொழுந்துத் தேயிலைக்குப் பேர்போன அதே வறண்ட காற்றுதான் பசையையும் பெயின்டையும் காயவைக்கும். முடித்த பெட்டியை இஸ்தோப்பில் வைக்காதீர்கள், சாரல் அடிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சீமெந்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி வையுங்கள். இடி கேட்டால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

எந்த வழியில் போனாலும் கழற்றிய அசல் போர்டைச் சாதாரண ஷொப்பிங் பேக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே போடக் கூடாது. பேட்டரியை அகற்றி (சிபிஎஸ் 2 என்றால் அகற்றாமல்), நிலைமின் தடுக்கும் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இட்டு, எந்த கேம், என்ன பழுது, எந்த ஐசி சந்தேகம் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். ஈப்ராம் ஜன்னல்களின் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் புதிதாக ஒட்டிய பிறகே உறையை மூடுங்கள்.